புதிய சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கிறீர்களா? வேலையை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

நம் கடைகளில் கம்ப்யூட்டர் நுழைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு, பில் புத்தகத்தோடு மட்டும் காலம் தள்ளிய பலரும் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். கடையில் விற்கும் தயார் சாஃப்ட்வேரே பெரும்பாலான வணிகர்களுக்குப் போதும். அது போதும் என்றால் அதையே வாங்கிக்கொள்வதுதான் சிக்கனம்.

ஆனால் சிலருடைய வியாபாரம் அந்தச் சட்டைக்குள் அடங்குவதில்லை. நாலைந்து கம்பெனி ஏஜென்சி, இரண்டு கிடங்கு, வாரம் ஆறு நாளும் லைன் வண்டி, கடைக்குக் கடை வேறு தவணை, மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும் வேலை என்று இருப்பவர்கள், தங்களுக்கென்று தனியாக ஒரு சாஃப்ட்வேர் செய்து வாங்க நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அப்படிச் செய்யக் கொடுத்துப் பணத்தையும் ஒரு சீசனையும் இழந்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடை எப்படிச் சிக்கியது?

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். சாஃப்ட்வேர் செய்து தர ஒருவரை அமர்த்தினோம். அவர் கொடுத்த கொட்டேஷன் ஒரே பக்கம். பில்லிங், ஸ்டாக், அக்கவுண்ட்ஸ், ரிப்போர்ட் என்று நான்கு வரி. கீழே மொத்தத் தொகை. பாதிப் பணம் முன்பணம். ஆறு மாதத்தில் முடியும் என்றார். மூன்றாம் மாதம் கேட்டபோது, "எண்பது பெர்சென்ட் முடிஞ்சுது சார்" என்றார். ஆறாம் மாதம் தொண்ணூறு ஆயிற்று. ஒன்பதாம் மாதமும் அதே தொண்ணூறுதான். இதற்குள் பேசிய தொகையில் முக்கால் பங்கு கொடுத்தாகிவிட்டது.

பொங்கல் சரக்கு இறங்குகிற நேரத்தில் ஒருவழியாகக் கொண்டுவந்து மாட்டினார். பில் அழகாக வந்தது. ஆனால் லைனில் இருந்து திரும்பி வந்த சரக்கைப் பதிய இடமில்லை. கடைக்காரர் மூன்று பில்லுக்குச் சேர்த்து ஒரு தொகை கொடுத்தால், அதைப் பிரித்து வைக்க வழியில்லை. "இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார் அவர். "மொத்த வியாபாரம்னா இதெல்லாம் இருக்காதா தம்பி?" என்றேன் நான். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஏனென்றால் தாளில் இருந்தது நான்கே வரி. அந்தப் பொங்கலுக்குக் கையால்தான் பில் போட்டோம்.

குறை ஆளிடம் இல்லை, வேலையை எழுதிய விதத்தில்தான் இருந்தது என்பது பிறகு புரிந்தது. சாஃப்ட்வேர் துறையில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. வேலையை எபிக், ஸ்டோரி, டாஸ்க் என்று மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். பெயர்தான் புதிது, விஷயம் நமக்குப் பழக்கமானதுதான்.

மூன்று அடுக்கு என்றால் என்ன?

எபிக் என்ற சொல்லுக்குக் காப்பியம் என்று பொருள். இங்கே அது ஒரு பெரிய வேலைத் தொகுதியைக் குறிக்கிறது. "பாக்கி வசூல்" என்பது ஒரு எபிக். அதை ஒரு வாரத்தில் முடிக்க முடியாது. அதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கும்.

ஸ்டோரி என்பது அந்தக் காப்பியத்துக்குள் ஒரு சிறு கதை. கடையில் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறார். அதனால் அவருக்கு ஒரு பயன் கிடைக்கிறது. அவ்வளவுதான் கதை. "லைன் வசூலுக்குப் போகிறவர், அன்றைய ஊரில் உள்ள கடைகளின் பாக்கியை ஒரே தாளில் பார்க்க வேண்டும்" என்பது ஒரு ஸ்டோரி.

டாஸ்க் என்பது அந்தக் கதையை நிறைவேற்றப் புரோகிராமரும் நாமும் செய்ய வேண்டிய தனித்தனி வேலை. ஒரு டாஸ்க் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் முடிவதாக இருந்தால் நல்லது.

யார் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இதிலேயே தெளிவாகிறது. எபிக் முதலாளி பார்க்க வேண்டியது. ஸ்டோரி முதலாளியும் கடை ஆட்களும் புரோகிராமரும் கூடிப் பேச வேண்டியது. டாஸ்க் பெரும்பாலும் புரோகிராமரின் சொந்தக் காரியம். அதில் நாம் தலையிடத் தேவையில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

1990களின் நடுவில், அமெரிக்காவின் கிறைஸ்லர் கார் கம்பெனி ஊழியர்களின் சம்பளக் கணக்குக்காக ஒரு சாஃப்ட்வேர் செய்தது. அந்த வேலைக்கு அழைக்கப்பட்ட கென்ட் பெக் என்ற நிபுணர், தேவைகளைத் தடித்த புத்தகமாக எழுதாமல், சிறு அட்டைகளில் ஒரு அட்டைக்கு ஒரு கதையாக எழுதும் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தார். 1999இல் அவர் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். அதே குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், ஒரு கதைக்கு மூன்று அங்கம் உண்டு என்று 2001இல் விளக்கினார்: அட்டை, அதைப் பற்றிய பேச்சு, வேலை முடிந்ததைச் சரிபார்க்கும் விதி. அதே 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 சாஃப்ட்வேர் நிபுணர்கள் கூடி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். இன்று அஜைல் என்று சொல்லப்படும் முறைக்கு அதுதான் பெயர் சூட்டு விழா. பெரிய கதைக்கு எபிக் என்ற பெயர், 2004இல் வெளிவந்த மைக் கோன் என்பவரின் நூலால் நன்றாகப் பரவியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறைஸ்லரின் அந்தச் சம்பளக் கணக்கு வேலை, எல்லா ஊழியர்களையும் உள்ளடக்கும் முன்பே 2000இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதுவரை செய்த பகுதி சில ஆண்டுகள் உண்மையிலேயே சம்பளம் கணக்கிட்டுக் கொடுத்தது. நமக்குப் பாடம் அதுதான். அட்டையில் எழுதினால் எல்லாம் வெற்றி என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் நடுவில் நின்றாலும், அதுவரை கொடுத்த பணத்துக்கு ஏதாவது ஒன்று கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

எபிக்கைக் கடைவேலையின் பெயரில் எழுதுங்கள்

முதல் தவறு நடப்பது இங்கேதான். ஸ்கிரீன், டேட்டாபேஸ், ரிப்போர்ட் என்று சாஃப்ட்வேரின் உறுப்புகளை எபிக்காக எழுதிவிடுகிறார்கள். அது புரோகிராமரின் பார்வை. டேட்டாபேஸ் முடிந்துவிட்டது என்றால் நமக்கு என்ன தெரியும்? நம் கடையில் நடக்கும் வேலையின் பெயர்தான் எபிக்கின் பெயராக இருக்க வேண்டும். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு எபிக் பட்டியல் ஏறக்குறைய இப்படி அமையும்:

1. சரக்குப் பட்டியலும் விலையும்
2. கொள்முதல்
3. விற்பனை பில்
4. கிடங்கு இருப்பு
5. பாக்கி வசூல்
6. சரக்குத் திரும்புதல்
7. ஜி.எஸ்.டி. கணக்கும் ரிட்டர்னும்
8. பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுதல்

எட்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பழைய பாக்கி, பழைய இருப்பு, வாடிக்கையாளர் விலாசம், அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் ஏற்றாமல் புதிய சாஃப்ட்வேர் ஒரு நாள்கூட ஓடாது. எங்கள் முதல் கொட்டேஷனில் ஆறாவதும் இல்லை, எட்டாவதும் இல்லை.

ஏழெட்டு எபிக் போதும். இருபதைத் தாண்டினால், ஸ்டோரிகளையே எபிக் என்று எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

ஒரு எபிக்கை ஸ்டோரியாகப் பிரித்துப் பார்ப்போம்

ஐந்தாவதான பாக்கி வசூலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டோரியிலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். யாருக்கு வேண்டும்? என்ன வேண்டும்? எதற்காக வேண்டும்?

முதல் ஸ்டோரி: லைன் வசூல் செய்பவருக்கு, அன்று போகும் ஊரில் உள்ள கடைகளின் பாக்கித் தொகையும் எத்தனை நாள் பாக்கி என்பதும் ஒரே தாளில் வேண்டும், 30 நாள் தாண்டிய கடைக்கு முதலில் போவதற்காக.

இரண்டாவது: கணக்கருக்கு, ஒரு கடை மொத்தமாகக் கொடுத்த பணத்தைப் பழைய பில்லில் இருந்து வரிசையாகக் கழிக்க வேண்டும், எந்த பில் தீர்ந்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்வதற்காக.

மூன்றாவது: முதலாளிக்கு, கடன் வரம்பைத் தாண்டிய கடைக்கு பில் போடும்போது எச்சரிக்கை வர வேண்டும், தெரியாமல் கடன் ஏறிப் போகாமல் இருப்பதற்காக.

நான்காவது: கணக்கருக்கு, திரும்பி வந்த காசோலையைப் பதிந்தால் பழைய பாக்கி மீண்டும் நிற்க வேண்டும்; வசூல் தாளில் அந்தக் கடை விடுபடாமல் இருப்பதற்காக.

இந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எதற்காக என்று தெரிந்தால் புரோகிராமர் இதைவிட எளிய வழி ஒன்றைச் சொல்லக்கூடும். எதற்காக என்று நமக்கே சொல்லத் தெரியாத ஸ்டோரியைத் தயங்காமல் கிழித்துப் போடலாம். எங்கள் பட்டியலில் அப்படிப் போனது ஐந்தாறு இருக்கும்.

சரிபார்க்கும் விதியை எண்ணால் எழுதுங்கள்

ஸ்டோரி எழுதிய அட்டையின் பின்பக்கம், வேலை முடிந்தது என்று எப்படி ஒப்புக்கொள்வோம் என்பதை எழுத வேண்டும். இதை வார்த்தையில் எழுதினால் சண்டை வரும். கணக்கில் எழுதினால் வராது. இரண்டாவது ஸ்டோரிக்கு நாங்கள் எழுதியது இது:

ஒரு கடைக்கு மூன்று பில் நிற்கிறது. முதல் பில் ரூ.12,000, இரண்டாவது ரூ.8,500, மூன்றாவது ரூ.6,000. மொத்தம் ரூ.26,500. கடைக்காரர் ரூ.15,000 கொடுக்கிறார். முதல் பில் தீர வேண்டும். இரண்டாவதில் ரூ.3,000 கழிந்து ரூ.5,500 நிற்க வேண்டும். மூன்றாவது அப்படியே ரூ.6,000 நிற்க வேண்டும். மொத்த பாக்கி ரூ.11,500 என்று வர வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் கடையில் நெடுநாள் கணக்கு எழுதிய பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, இவுக ரூ.1,200க்குச் சரக்கத் திருப்பி விட்டா எந்த பில்லுல கழிக்கணும்? பழைய பில்லுலயா, சரக்கு எடுத்த பில்லுலயா?" சரக்கு எடுத்த பில்லில்தான் என்பது முடிவு. கிரெடிட் நோட்டு எந்த பில்லைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் வரிக் கணக்கும் சரியாக வரும். பணம் பழைய பில்லில் கழியும். திரும்பிய சரக்கு அதற்குரிய பில்லில் கழியும். இரண்டும் வேறு விதி. மொத்த பாக்கி எப்படியும் ரூ.10,300தான்; ஆனால் எந்த பில் எவ்வளவு நிற்கிறது என்பது மாறிவிடும். முதல் தடவை ஒன்பது மாதத்தில் வெளிவராத இந்த விஷயம், இந்தத் தடவை ஒரு மாலை நேரப் பேச்சில் வெளிவந்தது.

இன்னொரு உதாரணம். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடுவதைச் சாதாரண இருப்புக் கணக்கு என்றே நினைத்திருந்தோம். 50 கிலோ மூட்டை ஒன்று குறைந்து, 5 கிலோ பொட்டலம் பத்து கூடும், அவ்வளவுதானே என்று. ஆனால் 2022 ஜூலை 18 முதல், பருப்பு, அரிசி போன்றவற்றை 25 கிலோ வரையிலான பொதியாகக் கட்டி லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீத வரி உண்டு. 50 கிலோ மூட்டையாக விற்றால் அந்த வரி இல்லை. ஆக, கிடங்கில் பொட்டலம் போட்ட நேரத்திலேயே சரக்கின் வரி நிலை மாறுகிறது. கிடங்கு இருப்பு என்ற எபிக்கில் ஒரு ஸ்டோரி இதற்கென்றே எழுத வேண்டியதாயிற்று. கிடங்கில் வேலை செய்பவரை அருகில் உட்கார வைத்துப் பேசியிராவிட்டால் இது தெரிந்திருக்காது.

டாஸ்க்: நம் பங்கும் உண்டு

முதல் ஸ்டோரியான வசூல் தாளுக்கு எழுதிய டாஸ்க்குகள் இவை. கடைகளை லைன் வாரியாகப் பிரிக்கும் பதிவு. பாக்கி நாள் கணக்கிடுதல். தாளின் அச்சு அமைப்பு. உண்மையான 20 கடைக் கணக்கைப் போட்டுச் சரிபார்த்தல். வசூல் செய்பவருக்குக் காட்டிக் கொடுத்தல். இவை புரோகிராமருக்கு.

நமக்கும் டாஸ்க் உண்டு. எந்தக் கடை எந்த லைன் என்று பட்டியல் தருதல். கடை வாரியாகப் பழைய பாக்கியை ஒப்பிட்டுக் கையெழுத்திடுதல். இவற்றையும் தேதி போட்டு அதே பட்டியலில் எழுத வேண்டும். சாஃப்ட்வேர் தாமதமாவதில் நம் பங்கும் குறைவில்லை. பட்டியல் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, சீசன் முடியட்டும் என்று மூன்று வாரம் இழுத்தடித்தவர்களில் நானும் ஒருவன்.

கட்டட உவமை ஓரிடத்தில் ஏமாற்றும்

வீடு கட்டும்போது பேஸ்மட்டம், லிண்டல் மட்டம், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பது நமக்குப் பழக்கம். சாஃப்ட்வேருக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. கூரை போடாத வீட்டில் குடியிருக்க முடியாது. சாஃப்ட்வேரை அந்த மாதிரி மட்டம் மட்டமாகக் கட்டினால், கடைசி நாள் வரை நமக்கு உபயோகமாக எதுவும் வராது.

புதிய ஊரில் கிளை திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கவுண்டர், நாலு அலமாரி, வேகமாக ஓடும் சரக்கு மட்டும். அன்றே வியாபாரம் நடக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். ஸ்டோரியும் அப்படித்தான். சிறியதாக இருந்தாலும், பதிவதில் இருந்து அச்சாகி வருவது வரை முழுமையாக ஓட வேண்டும்.

ஒரு ஸ்டோரி இரண்டு வாரத்தில் முடியாத அளவு பெரியதாக இருந்தால் இன்னும் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வழிகள் சில:

அடிக்கடி நடப்பது முதலில், எப்போதாவது நடப்பது பிறகு. சாதாரணக் கடன் பில் முதலில். சாம்பிள் சரக்கு, இலவசச் சரக்கு பிறகு.

ஒரு விதி முதலில், விதிவிலக்கு பிறகு. எல்லாக் கடைக்கும் ஒரே விலை முதலில். கடைக்குக் கடை தனி விலை அடுத்தது.

ஒரு வகை வாடிக்கையாளர் முதலில். ஜி.எஸ்.டி. எண் உள்ள உள்ளூர்க் கடைகள் முதலில்; வெளிமாநில விற்பனை பிறகு.

எதை முதலில் செய்வது?

எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்று பொருள். வரிசையைத் தீர்மானிக்க மூன்று கேள்விகள் உதவும்.

எதனால் இப்போது பணம் நஷ்டமாகிறது? எங்கள் கடையில் அது பாக்கி வசூல். ஆகவே இரண்டாவது தடவை பில்லில் தொடங்காமல் வசூலில் தொடங்கினோம். பில்லைப் பழைய சாஃப்ட்வேரிலேயே போட்டுக்கொண்டோம்.

சட்டப்படி தவிர்க்க முடியாதது எது? ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டியவர்கள், வரிப்பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். அந்த ஸ்டோரி முடியும் வரை புதிய சாஃப்ட்வேரில் அவர்கள் அந்த பில்லைப் போட முடியாது.

எது எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியவில்லையோ, அதையும் முன்னால் வைக்க வேண்டும். தராசில் இருந்து எடையை நேராக பில்லுக்குக் கொண்டுவருவது போன்ற வேலைகளைக் கடைசிக்குத் தள்ளினால், கடைசியில்தான் அடி விழும்.

மாறக்கூடியது எது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12இல் இருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. குளியல் சோப்பும் பற்பசையும் 18இல் இருந்து 5க்கு வந்தன. சரக்குக்கு ஒரே ஒரு வரி விகிதம் என்று எழுதிய சாஃப்ட்வேரில் விகிதத்தை மாற்றினால், அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வரும்போது சிக்கல்தான். பழைய பில்லின் விகிதத்திலேயே கிரெடிட் நோட்டு போட வேண்டுமே! "எந்தத் தேதி முதல் எந்த விகிதம்" என்று பதியும்படி ஒரு ஸ்டோரி எழுதி வைத்தவர்களுக்கு, அந்த மாற்றம் ஒரு மாலை வேலையோடு போயிற்று.

எப்போது முடியும் என்று எப்படிக் கணக்கிடுவது?

இனி யாரும் நம்மிடம் எண்பது பெர்சென்ட் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்டோரி முடிந்தது, அல்லது முடியவில்லை. முக்கால்வாசி முடிந்த ஸ்டோரிக்குக் கணக்கில் இடமில்லை.

ஏறக்குறைய ஒரே அளவுள்ள 42 ஸ்டோரிகள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் ஒரு தவணை. மூன்று தவணையில், அதாவது ஆறு வாரத்தில், 9 ஸ்டோரிகள் முடிந்திருக்கின்றன. தவணைக்கு 3 என்றால், மீதி 33க்கு 11 தவணை, அதாவது 22 வாரம் வேண்டும். தீபாவளிக்கு இன்னும் 12 வாரம்தான் இருக்கிறது என்றால் அதற்குள் 18தான் முடியும். எந்த 18 என்பதை இன்றே நாம் தேர்ந்தெடுக்கலாம். முன்பு இதே செய்தி தீபாவளிக்கு முந்தின வாரம்தான் நம் காதுக்கு வரும்.

பணம் கொடுக்கும் முறை

ஒரு சிறு முன்பணம். பிறகு ஒவ்வொரு தவணையிலும் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட ஸ்டோரிகளுக்குரிய பணம். ஒரு பகுதியை, சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கி ஒரு மாதக் கணக்கு முடித்துப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

இது இருபக்கமும் நியாயமாக இருக்க வேண்டும். நடுவில் நாம் புதிதாக ஒன்று கேட்டால், அதுவும் ஒரு அட்டைதான். அதற்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது அதே அளவுள்ள வேறொரு அட்டையை எடுத்துவிட வேண்டும். "இதையும் சேர்த்துப் போட்டுடு தம்பி" என்று சொல்லும் நம் வழக்கம்தான் பல சாஃப்ட்வேர்களை மூழ்கடித்தது. சரிபார்க்கக் கொடுத்த ஸ்டோரியை நாம் பார்க்காமல் போட்டு வைத்தால், அந்தத் தாமதமும் நம் கணக்குதான்.

சோர்ஸ் கோடு யாருக்குச் சொந்தம், பேக்கப் யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். "எல்லாக் கணக்கையும் எக்செல் தாளாக வெளியே எடுக்க வேண்டும்" என்று ஒரு ஸ்டோரியும் கட்டாயம் எழுதுங்கள். நாளை ஆள் மாறினாலும் கணக்கு நம் கையில் இருக்கும்.

எதில் எழுதுவது?

சாஃப்ட்வேர் கம்பெனிகள் இதற்கென்றே தனி சாஃப்ட்வேர் வைத்திருக்கின்றன. 2002இல் வெளிவந்த ஜிரா அவற்றில் பெயர் பெற்றது. நமக்கு அது தேவையில்லை. தபால் கார்டு அளவில் அட்டைகளும், கணக்கு அறைச் சுவரில் ஒரு பலகையும் போதும். செய்ய வேண்டியது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று பத்தி. அட்டைக்கு எண் கொடுங்கள். 5-2 என்றால் ஐந்தாவது எபிக்கில் இரண்டாவது ஸ்டோரி. ஒரு எக்செல் தாளும் இதே வேலையைச் செய்யும்.

எழுத உட்காரும்போது கவுண்டரில் பில் போடுபவர், கிடங்கு ஆள், லைன் வசூல் செய்பவர், கணக்கர் எல்லோரும் இருக்க வேண்டும். ஆனால் வரிசையைத் தீர்மானிக்கவும், முடிந்தது என்று ஒப்புக்கொள்ளவும் கடையில் ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம் இருக்க வேண்டும். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று சொன்னால் புரோகிராமர் இரண்டையும் செய்யமாட்டார்.

இரண்டாவது தடவை என்ன ஆயிற்று?

வேறொரு இளைஞரிடம் கொடுத்தோம். முதலில் அட்டை எழுதவே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இரண்டாவது மாதம் வசூல் தாள் லைன் பையன்கள் கைக்கு வந்தது. பெரியவர் தம் நோட்டில் மட்டும் எழுதி வைத்திருந்த சில பழைய பாக்கிகளும் அதில் ஏறின. அடுத்த ஆண்டு அவர் உடல்நிலை காரணமாக நின்றுவிட்டார். நாற்பது வருடம் அவர் மனத்தில் இருந்த விதிகளில் பெரும்பகுதி இப்போது எங்களிடம் அட்டையாக இருக்கிறது. சாஃப்ட்வேருக்காக எழுதத் தொடங்கியதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று இதைத்தான் சொல்வேன்.

எங்கள் பலகையில் இன்னும் பதினைந்து அட்டைகள் முதல் பத்தியிலேயே இருக்கின்றன. சிலவற்றைச் செய்யவே மாட்டோம் என்று நினைக்கிறேன். அதனால் கடை நின்றுவிடவில்லை.

புதிதாகச் சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்க நினைக்கும் வணிக நண்பர்கள், கொட்டேஷன் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை ஆட்களோடு உட்கார்ந்து, ஏழெட்டு எபிக்கையும் அதில் மிக அவசரமான ஒன்றின் ஸ்டோரிகளையும் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளைக் கொடுத்து மூன்று பேரிடம் விலை கேளுங்கள். யார் தொகையை மட்டும் சொல்கிறார்கள், யார் உங்கள் ஸ்டோரிகளைப் படித்துத் திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். கேள்வி கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.